சுருட்டை என்ன குற்றம் செய்தது?

ஆங்கில அழகுக் குறிப்புகளை மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் ஒரு சொல் இடறும். சுருட்டை முடி வறண்டு, சிலிர்த்து, ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு திசையில் நிற்கும் நிலையைக் குறிக்கும் சொல். அதற்கு நேர்த் தமிழ் 'பரட்டை'. ஆனால் பளபளப்பான பக்கத்தில் அதை அச்சிட எந்த ஆசிரியரும் சம்மதிப்பதில்லை. 1977இல் '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற ஊர் வம்பனுக்கு அதுதான் பெயர். ஆகவே 'அடங்காத கூந்தல்', 'கட்டுக்கடங்காத கேசம்' என்று எழுதி ஒப்பேற்றுகிறோம். முரட்டு மாட்டுக்கும் அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் சொல்கிற வார்த்தைகள். அடங்காதது என்று பெயர் வைத்துவிட்டால் அடக்கத்தானே தோன்றும்? அடக்கித் தர அழகு நிலையங்கள் தயாராக இருக்கின்றன.

பழந்தமிழுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, ஐம்பால் என்று பெண்ணின் முடிக்கு அடுக்கடுக்காகப் பெயர். ஆணுக்குக் குஞ்சி, பித்தை. சுருண்டிருப்பதைச் சொல்ல 'சுரியல்' என்றே ஒரு சொல். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரரும் சிவபெருமானும் வழக்காடியதைத் திருவிளையாடல் கதை சொல்கிறது. இன்று வழக்கு மாறிவிட்டது. இயற்கையாக வந்த சுருளுக்கு இருக்க உரிமை உண்டா என்பதே இன்றைய கேள்வி.

தீர்ப்பு பெரும்பாலும் பாதகமாகத்தான் வருகிறது. சுருட்டை முடிப் பெண் பள்ளிக்கூடத்தில் 'தலை வாரவில்லையா?' என்ற கேள்வியைக் கேட்டு வளர்கிறாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாள் முடியை நேராக்கச் சொல்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வு என்றாலும் அதே கதை. இருபத்தைந்து வயதுக்குள் முடி வைக்கோலாகிறது. அப்புறம் 'உனக்கு முடியே சரியில்லை' என்ற பழியும் அவள்மேல்.

சுருட்டை முடி வறள்வதற்குக் காரணம் எளிமையானது. உச்சந்தலைத் தோல் தானே எண்ணெய் சுரக்கிறது. நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் அதற்குத் தடை. தலை பிசுபிசுப்பாகவும் நுனி சருகாகவும் ஒரே நேரத்தில் இருப்பது இதனால்தான். முடியின் மேலுறை ஓட்டு வீட்டுக் கூரைபோல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. வளைவுகளில் அந்தச் செதில்கள் எளிதில் தூக்கிக்கொள்ளும். முடி உடைவதும் அங்கேதான். வறண்ட முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சென்னையிலும் மும்பையிலும் மழைக்காலத்தில் தலை இரட்டிப்பாகத் தெரிவது இந்தக் கூத்தால்தான். டெல்லிக் குளிர்காலத்தில் பிரச்சினை நேர்மாறு: வறண்ட காற்றும் கொதிக்கும் குளியல் நீரும் இருக்கிற எண்ணெயையும் துடைத்துவிடும்.

இன்னொரு உண்மையையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்கு அடியிலுள்ள வேரில் மட்டும். 'ஊட்டம்', 'புத்துயிர்' என்று விளம்பரம் எதைச் சொன்னாலும், பிளந்த நுனி ஒட்டாது. செய்யக்கூடியது இரண்டே: இருப்பதைக் காப்பது, புதிதாக வளர்வதைக் கெடுக்காமல் விடுவது.

எனவே முதல் மருந்து கத்தரிக்கோல். பிளந்த நுனியைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கு இணையான சூட்டுக் கருவிகளைப் பரணில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்துவிடும். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆராய்ச்சிப் பிரிவினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஆனாலும் பாட்டிமார் குளிப்பதற்கு முன் எண்ணெய் வைத்ததில் பொருள் இருக்கிறது. குளிக்கச் சில மணி நேரம் முன்பு, முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவினால் போதும். வழிய வழிய வேண்டியதில்லை. பொடுகு உள்ளவர்கள் மண்டையில் எண்ணெய் தேய்க்காமல் இருப்பது நல்லது. பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு.

ஷாம்பு வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதுவும் மண்டைக்கு மட்டும்; வழிந்தோடும் நுரையே நீளத்துக்குப் போதும். சீயக்காய் நல்லதுதான், ஆனால் அதுவும் எண்ணெயை எடுக்கும் பொருளே. ஏற்கெனவே சருகான முடியில் பொடியை அரக்கித் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வடிகட்டிய சாறாகப் பயன்படுத்தலாம். பிறகு கண்டிஷனர். அது ஆடம்பரமல்ல, சுருட்டைக்கு அதுதான் சோறு. நீளம் முழுக்கப் பூசி, முடி வழுக்கும்போதே விரலாலோ அகலப் பல் சீப்பாலோ சிக்கெடுக்க வேண்டும், நுனியில் தொடங்கி மேல்நோக்கி. சுருட்டையைக் காய்ந்த பிறகு வாரினால் சுருள் பிரிந்து பரட்டைதான் மிஞ்சும். 'தலை வாரு' என்ற அன்புக் கட்டளை இங்கே எதிரி.

துவட்டுவதிலும் கவனம் வேண்டும். சொரசொரப்பான துண்டால் கசக்காமல், பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே சுருளைப் பிடித்து நிறுத்த ஏதாவது பூச வேண்டும். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சூட்டோடு வடிகட்டினால் கிடைக்கும் கூழ் கடை ஜெல்லுக்கு ஈடு. குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். பூசிய பின் காயும்வரை கை வைக்கக்கூடாது. கிழிந்த பட்டுப் புடவை இருந்தால் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள். பருத்தியைவிட உராய்வு குறைவு. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் குளிப்பவர்கள் கடைசிக் குவளைக்காவது நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்கு, ஒரே நாளில் நேராக்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கெரட்டின்' என்ற பெயரில் நடக்கும் பல சிகிச்சைகளில் வேலை செய்வது கெரட்டின் அல்ல. ஃபார்மால்டிஹைடோ, அதை வெளியிடும் பொருளோ. அது மனிதர்களில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவு செய்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சாதுவல்ல. முடியை நேராக்கிக்கொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள்.

2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இதுதான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. எந்தப் பொருள் என்ற விவரமும் அதில் இல்லை. ஆனால் ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் பார்வைக்காக ஏற்க வேண்டிய ஆபத்துதானா இது என்று யோசிக்க வைக்கிறது. அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிக்கும் பார்லர் ஊழியர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

பொறுமைக்கு மட்டும் மாற்று கிடையாது. முடி மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், ஆண்டுக்குப் 15. கெட்டது முழுதாக வெட்டுப்பட்டுப் புதுச் சுருள் தோளைத் தொட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். முதல் சில மாதங்கள் வேர்ப்பக்கம் சுருளும் நுனிப்பக்கம் குச்சியுமாகப் பார்க்கச் சகிக்காது. பலர் அங்கேதான் மனம் மாறுகிறார்கள். பின்னிக்கொண்டோ கொண்டை போட்டோ அந்தக் காலத்தைக் கடந்துவிட வேண்டும். திடீரென்று முடி வறண்டு கொத்துக் கொத்தாகக் கொட்டினால் எண்ணெயைத் தேடாமல் மருத்துவரிடம் போய் தைராய்டு, இரும்புச் சத்து இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

வீட்டில் சுருட்டை முடிப் பெண் குழந்தை இருக்கிறதா? காலையில் அவளை இழுத்து உட்காரவைத்துக் காய்ந்த தலையில் சீப்பைப் பாய்ச்சுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவள் அழுவது பிடிவாதத்தால் அல்ல, நிஜமாகவே வலிக்கிறது. முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.