ஃபிட்டா, அன்ஃபிட்டா?

சர்க்கார் உத்தியோகத்துக்கு மூன்று கண்டங்கள். பரீட்சை, இன்டர்வியூ, மெடிக்கல். முதல் இரண்டுக்கும் கோச்சிங் கிளாஸ் உண்டு. மூன்றாவதற்குக் குலதெய்வம்தான்.

மெடிக்கலில் ஒரு புள்ளிப் புத்தகம் காட்டுவார்கள். இஷிஹாரா என்கிற ஜப்பான் டாக்டர் 1917-ல் வெளியிட்டது. கலர் கலரான புள்ளிகளுக்குள் ஒரு நம்பர் ஒளிந்திருக்கும். உங்களுக்கு 74 என்று தெரிவது பக்கத்து ஆசாமிக்கு 21 என்று தெரியலாம். அவருக்குச் சிவப்பு, பச்சையில் தகராறு என்று அர்த்தம். பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் குறை இது. சொத்து அப்பா வழி வருகிறதோ இல்லையோ, இது அம்மா வழியில் கரெக்டாக வந்துவிடும்.

நம் மின்வாரியத்தில் (அப்போது பெயர் டான்ஜெட்கோ) எலெக்ட்ரிகல் அசிஸ்டென்ட் இன்ஜினீயர் வேலைக்குத் தேர்வான ஒரு பி.இ. பட்டதாரிக்கு இந்தக் குறை இருந்தது. வேலை இல்லை என்று விட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார். சென்னை ஹைகோர்ட்டில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் வாரியத்தின் பக்கம் சொன்னார்கள். விஷயம் டெல்லிக்குப் போனது.

எங்கள் குத்துக்கல்வலசை டீக்கடையில் இந்தக் கதையை ஆரம்பித்ததுமே ரிடையரான லைன்மேன் அண்ணாச்சி ஒருவர் மறித்தார்.

"தம்பி, சேப்பு வயரும் பச்சை வயரும் தெரியாதவன் போஸ்ட்ல ஏறுனா என்ன ஆவும்?"

"ஏ.இ. போஸ்ட்ல ஏறுவாரா அண்ணாச்சி?"

அண்ணாச்சி யோசித்தார். "என் சர்வீஸ்ல நான் பாக்கலியே!"

கடையே சிரித்தது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. த்ரீ ஃபேஸ் கரண்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் வைத்துத்தான் அடையாளம். மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், உயிரும் போகலாம். அதனால் 'கலர் தெரியாதவருக்கு எல்லா வேலையும் கொடு' என்று யாரும் கேட்கவில்லை. எஸ்டிமேட், பிளானிங், பில், கணக்கு என்று ஒரு இன்ஜினீயருக்கு நூறு ஜோலி இருக்கிறதே, அதில் எதுவுமே அவரால் முடியாதா என்பதுதான் கேள்வி.

2023 அக்டோபர் 16-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அவரை வேலையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். இதில் ஒரு விசேஷம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நிறக்குறைபாடு அதில் இல்லை. 'பட்டியலில் இல்லை, போய் வா' என்று கோர்ட் கையை விரிக்கவில்லை. அந்தச் சட்டம் சொல்லும் 'நியாயமான ஏற்பாடு' என்கிற கொள்கையை இவருக்கும் நீட்டியது.

அதென்ன ஏற்பாடு? பயந்துவிடாதீர்கள். உங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு ஃபைலும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். அவரை யாராவது 'அன்ஃபிட்' என்கிறோமா? மேனேஜரின் முதுகுவலிக்குத் தனி நாற்காலி வருகிறது. அதைச் சலுகை என்கிறோமா? கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் உள்ள மரியாதையை ஒரு சாய்வுதளத்துக்கும், பேசும் கம்ப்யூட்டருக்கும், வேலையைக் கொஞ்சம் மாற்றித் தருவதற்கும் கொடுங்கள் என்கிறது சட்டம். மறுத்தால் அதுவே பாரபட்சம்.

நிர்வாகத்தின் தலையில் தாங்க முடியாத பாரத்தை ஏற்றக்கூடாது என்றும் அதே சட்டம் எல்லை போட்டிருக்கிறது. ஆனால் பாரமா, இல்லையா என்பதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்றுகொண்டே 'அய்யோ கனம்' என்று சொல்லக்கூடாது.

'நமக்குத்தான் வேலை கிடைத்தாயிற்றே' என்று பக்கத்தைப் புரட்டும் பிரதர், கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு உங்களுக்கும் சேர்த்துத்தான். அரசுப் பணியில் இருக்கும்போது உடம்பில் குறை ஏற்பட்டால் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, பதவியையும் இறக்கக்கூடாது. பார்த்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையோ, ரிடையராகும் வரையோ, கூடுதலாக ஒரு இடத்தை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். நிறக்குறைபாட்டைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருவருக்கும் 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அதே சம்பள நிலையில் வேறு வேலை கொடுக்கச் சொன்னது.

ஆகவே, யாராவது 'அன்ஃபிட்' என்று ஒற்றை வார்த்தையில் பேப்பரை நீட்டினால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறாதீர்கள். எந்த வேலைக்கு அன்ஃபிட், என்ன காரணம், என்ன ஏற்பாடு செய்து பார்த்தீர்கள்? இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் இதற்கென ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

'ஃபிட்' என்பது டெய்லர் கடை வார்த்தை. சட்டை சேரவில்லை என்றால் அங்கே சட்டையைத்தான் பிரித்துத் தைப்பார்கள். ஆளை வெட்டுவதில்லை.