சாக்கோபார் பாலுக்குப் பதில் ஆகுமா?

சகோதரிகளே, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை முடிகிறதோ இல்லையோ, நம்ம நாஞ்சில் நாட்டில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். கூடவே பிள்ளைகளின் ஐஸ் நச்சரிப்பும் வந்துவிடும். சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவரிடம் சேமியா ஐஸும் பால் ஐஸும் வாங்கித் தின்றவர்கள்தான் நாமும். இன்றைக்கு முக்குக் கடையிலேயே கண்ணாடிப் பெட்டி வைத்து, சாக்லேட் போர்த்திய குச்சி ஐஸ்கிரீமை விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"சளி பிடிக்குமா?" என்றுதான் நாம் கேட்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. நான் டாக்டர் இல்லை, பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவிதான். ஆனால் உறையில் அச்சடித்திருப்பதைப் படிக்க அந்தப் படிப்பே தாராளமாகப் போதும்.

முதலில் பெயரைப் பாருங்கள்

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சட்டத்தில் அப்படி இல்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, 'ஐஸ்கிரீம்' என்று பெயர் போட்டால் அதில் நூற்றுக்கு 10 பங்காவது பால் கொழுப்பும், 3.5 பங்காவது பால் புரதமும் இருக்க வேண்டும். 'மீடியம் ஃபேட்' என்றால் பால் கொழுப்பு இரண்டரையிலிருந்து பத்துக்குள் இருக்கும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் அதில் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் பாமாயில். அதையும் உறையில் சொல்லியே ஆக வேண்டும். கலர் கலரான குச்சி ஐஸோ வெறும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

2017-இல் இந்த விஷயம் கோர்ட்டு வரைக்கும் போனது. ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருக்கிறது என்று அமுல் செய்த விளம்பரத்தை எதிர்த்து, குவாலிட்டி வால்ஸ் விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது கோர்ட்டு. 2018-இல் அப்பீலிலும் அதே முடிவுதான். ஆகவே ஃப்ரோசன் டெசர்ட் என்றதும் பயந்துவிட வேண்டாம், அது விஷமில்லை. ஆனால் 'பால் கொழுப்பு' என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். பால் கொழுப்பு ஒன்றும் அமிர்தமும் அல்ல. பாமாயிலைப் போல அதிலும் நிறைகொழுப்பு நிறைய உண்டு.

இன்னொரு சங்கதி கேளுங்கள். ஐஸ்கிரீமுக்கான அளவு உள்ளே இருக்கும் ஐஸ்கிரீமுக்கு மட்டும்தான். மேலே போர்த்திய சாக்லேட்டுக்குக் கிடையாது. அந்தப் போர்வையை ஒட்ட வைத்தவர் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஒனாவா ஊரில் வாத்தியாராக இருந்து, மிட்டாய்க் கடையும் வைத்திருந்த கிறிஸ்டியன் நெல்சன். 1920-இல் ஒரு பையன் கையில் இருந்த காசுக்கு ஐஸ்கிரீம் வாங்கவா, சாக்லேட் வாங்கவா என்று திண்டாடியதைப் பார்த்து, இரண்டையும் ஒன்றாக்கினாராம். 1922-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குளிரில் சாக்லேட் கெட்டியாக ஒட்டிக்கொள்ள அதில் கொழுப்பு வேண்டும். ஃப்ரிட்ஜில் தேங்காய் எண்ணெய் உறைவதை நாம் பார்ப்பதில்லையா, அதே வித்தைதான். பையனுக்கு இரண்டு ருசி ஒன்றாகக் கிடைத்தது, இரண்டு கொழுப்பும் சேர்ந்தே கிடைத்தது.

மில்லியா, கிராமா?

ஐஸ்கிரீமை மில்லி கணக்கில் விற்கிறார்கள். அதை அடிக்கும்போது காற்றும் சேர்ந்து பொங்கும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமாவது எடை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு லிட்டர் பாலோ ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே இருக்கும். ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் ஒன்றாகுமா? ஆகவே மில்லியைப் பார்த்து ஏமாறாமல், எத்தனை கிராம் என்று பாருங்கள்.

கணக்குப் போடுங்கள்

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு இளம் தாய். ஐந்து வயதுப் பையன். "அக்கா, பாலைக் கண்டாலே ஓடுகான். அதான் சாயங்காலம் ஒரு சாக்கோபார் வாங்கிக் குடுக்கேன். அதுவும் பால்தானே?" என்றாள். ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை, எடையும் ஏறவில்லை என்பது அவள் கவலை. இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் உங்கள் வீட்டு உறையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

நூறு கிராமுக்கு 300 கலோரி, சர்க்கரை 24 கிராம், கொழுப்பு 18 கிராம், புரதம் 3.5 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரின் எடை 50 கிராம் என்றால் எல்லாவற்றிலும் பாதி. ஆக 150 கலோரி, 12 கிராம் சர்க்கரை, 9 கிராம் கொழுப்பு. புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. 200 மில்லி பசும்பாலில் புரதம் ஆறு கிராமுக்கு மேல் உண்டு. கால்சியம் 240 மில்லிகிராம் அளவில் உண்டு. அந்த ஆறு கிராம் புரதத்துக்கு மூன்றரை சாக்கோபார் தின்ன வேண்டும். கூடவே 42 கிராம் சர்க்கரையும் 525 கலோரியும் வயிற்றுக்குள் போகும். அப்புறம் ராத்திரி இட்லிக்கு இடம் ஏது?

'மொத்தச் சர்க்கரை'யில் பாலில் இயற்கையாக உள்ள இனிப்பும் சேர்ந்திருக்கும். 'சேர்த்த சர்க்கரை' என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். பெரியவர்களுக்கே சேர்த்த சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பால் குடிக்காத பிள்ளைக்கு

தயிர்சாதம், மோர், கேழ்வரகுக் கூழ், முட்டை, புட்டும் பயறும், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று நம் அடுக்களையில் எத்தனையோ வழி இருக்கிறது. சாக்கோபாரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, பலகாரக் கணக்கில் கொடுங்கள். பால் கணக்கில் எழுத வேண்டாம், அவ்வளவுதான். வளைந்து கோணிய பாரையும், மேலே பனித்தூள் படிந்த பாரையும் வாங்காதீர்கள்; உருகி மறுபடி உறைந்ததாக இருக்கும்.

மட்டிப்பழ ஐஸ்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மட்டிப்பழம் இருக்க, கடைக்கு ஏன் ஓட வேண்டும்? அரை லிட்டர் பாலைக் காய்ச்சி முக்கால் பங்காகச் சுண்டவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். 30 கிராம் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அதையும் ஆறவிடுங்கள். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துபோகும். கனிந்த மட்டிப்பழம் நான்கை மசித்து, ஏலக்காய்ப் பொடியோடு எல்லாவற்றையும் கலந்து ஆறு சிறிய டம்ளர்களில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பாதி உறைந்ததும் குச்சியைச் செருகுங்கள். நன்றாக உறைந்தபின் டம்ளரைத் தண்ணீரில் ஒரு நொடி முக்கினால் கழன்று வரும்.

ஒன்றில் இரண்டரை கிராமுக்குக் குறையாத பால் புரதம் இருக்கும். கருப்பட்டி ஐந்து கிராம்தான். கருப்பட்டியும் இனிப்புதான் என்பதை மறந்து, கை தாராளமாகப் போட்டுவிடாதீர்கள்!