கொம்பு முளைத்த பொய்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பித்தளைக் கொம்புதான். ஊமத்தம்பூ போல விரிந்த கொம்பு, எட்டுப் பட்டை மரப்பெட்டி, அதன் நெற்றியில் பெரிதாக நாய் மார்க். "நூறு வருஷப் பழசு, சாப்" என்பார் கடைக்காரர். நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது சமீபத்தில் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது. இந்த இந்தியப் போலிகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஒரு கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அச்சிடும் தரத்தில் இல்லை.

அசல் கொம்பு கிராமபோன்களின் பொற்காலம் முதல் உலகப் போருக்கு முந்தையது. 1906லேயே அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் கொம்பைப் பெட்டிக்குள் ஒளித்து 'விக்ட்ரோலா' என்று விற்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்திலிருந்து வந்தவற்றில் பெட்டி பெரும்பாலும் நாற்கரம். கொம்பு வர்ணம் பூசிய தகடு, வசதி படைத்தவர்களுக்கு மரக்கொம்பு. வெப்ப நாடுகளுக்கென்றே கெட்டியான தேக்கில் செய்து அனுப்பிய மாடல்களும் உண்டு. பசை போட்டு ஒட்டிய பலகை நம் மழைக்காலத்தில் வாய் பிளந்துவிடும். ஜூலையில் அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டும் மும்பைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாதுங்கா, செம்பூர் பரண்களில் தேடினால் கிடைக்கக்கூடியது கொம்பு அல்ல, சூட்கேஸ். எச்.எம்.வி. 1931இல் கொண்டுவந்த 102 அந்த ரகத்தில் பேர் போனது. மின்சாரம் வேண்டாம், மூடியைத் திறந்து சாவி கொடுத்தால் போதும், பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் பாடுவார்கள். கொம்பு பெட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடப்பதால் பார்வைக்கு எடுப்பில்லை. பழைய கட்டடத்தை இடிக்கும்போது பாத்திரங்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகிறது.

வயிற்றெரிச்சல் இங்கேதான். போலிக்கும் ஓட மோட்டார் வேண்டுமே? பல சமயம் இந்த சூட்கேஸ்களைப் பிய்த்துத்தான் மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் எடுக்கிறார்கள். ஒரு அசலைக் கொன்று ஒரு போலி. போதாததற்கு, தேய்ந்த சவுண்ட் பாக்ஸும் மாற்றாத ஊசியும் இசைத்தட்டின் பள்ளங்களை உழுதுவிடுகின்றன. (ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி என்பது அந்தக் காலத்து விதி.)

தட்டுகளாவது அதிர்ஷ்டம் செய்தவை. அவை நம் நாட்டு அரக்கின் குழந்தைகள். மேற்கு நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. அறுபதுகளில் பீட்டில்ஸ்கூட இங்கே 78இல் வந்தார்கள். அவற்றை இன்று உலகமே தேடுகிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் பழைய தட்டுகளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியது.

அந்தக் கரிசனம் சூட்கேஸுக்கு வாய்க்கவில்லை. தாத்தாவின் பரணில் ஒன்று இருந்தால் துடைத்து, மெதுவாகச் சாவி கொடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் பழுது பார்க்கலாம். பழைய சாமான்காரர் வந்து, அதைக் கொடுத்தால் பளபளக்கும் கொம்பு வைத்த ஒன்றை மாற்றித் தருகிறேன் என்றால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.