ஆங்கிலம் தெரிந்தால் போதுமா?



போன வாரம் ஒரு மாணவன் போன் பண்ணினான். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவன். "சார், சும்மா இருக்கிற நேரத்துல ஆன்லைன்ல இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கப்போறேன். 120 மணி நேர சர்டிபிகேட் கோர்ஸுக்குப் பணம் கட்டிட்டேன்" என்றான். ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தாயா என்றேன். இல்லையாம்.

சும்மா இருக்கிற நேரம் எதுடா? ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு எட்டு மணி வகுப்பென்றால் உனக்குச் சாயங்காலம் நாலரை, ஆபீஸ் நேரம். மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுப் பாடம் நடத்துவாயா? முதலாளி, மாணவர் இருவரையும் ஏமாற்றுகிற வேலை அது. பிரேசிலியாவில் இரவு எட்டென்றால் நமக்கு விடியற்காலை நாலரை. அது உன் சொந்த நேரம். எழுந்திருப்பாயா? (பள்ளிக்கே லேட்டாக வந்தவன்!) வேறு வேலை பார்க்கலாமா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் புரட்டியாவது பார்த்தாயா?

சர்டிபிகேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் கேட்கிறார்கள். ஆனால் பேசுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. 'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தினமும் ஆங்கிலத்தில் பேசிச் சம்பளம் வாங்குகிறவன், முழித்தான். 'யெஸ்டர்டே' வந்தால் இரண்டாவது வராது என்று உன் வகுப்பில் எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன்!

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வா. அரை மணி நேரம் என் முன்னால் பாடம் எடு. காபி நான் போடுகிறேன்.