நோட்டைக் கொடுப்பதற்கு முன்

"லவ் ஃபெயிலியர், மேடம்" என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்காரும் மாணவரைக் கல்லூரி ஆலோசகர்களான நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அரியர் விழுந்த பாடத்துக்கும் முறிந்த காதலுக்கும் அவரிடம் இருப்பது ஒரே சொல். இருவருக்குள் முடிந்துபோன ஒன்றைத் தான் மட்டும் தோற்ற பரீட்சையாகச் சுமந்துகொண்டு வருகிறார்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கிறோம்; பிரிந்துபோனவரை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறதா என்றும் அதே குரலில் கேட்டுவிட வேண்டும். அதன்பின் நம்மில் பலருக்குக் கை தானாக நோட்டுப் பக்கம் போகிறது: "மனசுல இருக்கறதையெல்லாம் எழுதிட்டு வாங்க." உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் எழுத்துப் பயிற்சி வழிவந்த பழக்கம். நானும் பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன்.

டேவிட் ஸ்பாரா குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தயங்க வைத்தது. மணவாழ்வில் பிரிந்த 90 பேர். 'ஏன் இப்படி ஆச்சு' என்று விடாமல் காரணம் தேடுகிறவர்கள் மனத்தைக் கொட்டி எழுதியபோது, அன்றாட வேலைகளை மட்டும் எழுதியவர்களைவிட மாதங்கள் கழித்தும் அதிகம் தவித்தார்கள். அவர்கள் மாணவர்கள் அல்லர், உண்மைதான். ஆனால் ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில் பதினோரு பக்கமும் ஒரே கேள்வி: அன்று பஸ் ஸ்டாப்பில் போனை எடுத்திருந்தால்? அந்தப் பதினோரு பக்கமும் நான் கொடுத்த வீட்டுப்பாடம்.

நடந்ததையே மனத்தில் அசைபோடுவதைக் குறிவைக்கும் எட்வர்ட் வாட்கின்ஸின் சிகிச்சை 'ஏன்' என்பதை விட்டு 'எப்போது, எங்கே, எப்படி' என்று கேட்கச் சொல்கிறது. அந்த மாணவியிடம் அப்படிக் கேட்டேன். மெஸ் முடிந்து கட்டிலில் சாய்ந்ததும் வாட்ஸ்அப்பில் அவனுடைய 'லாஸ்ட் சீன்' பார்ப்பதில் அவளுக்கு அசைபோடல் தொடங்குகிறது. கைவைக்க வேண்டிய இடம் அந்த அரைமணி நேரம்.

'அவன்கிட்ட என்ன குறைன்னு யோசிச்சுப் பாரு' என்னும் தோழிகளின் வைத்தியத்தையும் சான்ட்ரா லாங்கெஸ்லாக் 24 பேரிடம் சோதித்திருக்கிறார். காதல் உணர்வு குறைந்தது, மனநிலையோ கெட்டது. கவனத்தைத் திருப்பியபோது மனநிலை தேறியது, காதல் அப்படியே இருந்தது. செமஸ்டர் வாரத்தில் எதைத் தேர்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறிடத்தில். பிளாக் செய்த பையனே லேப் பார்ட்னராக இருந்தால்? பார்ட்னரை மாற்றித் தரும்படி துறைத்தலைவரிடம் காரணத்தைச் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மாணவிகள் பயப்படுகிறார்கள். சம்மதம் வாங்கிக்கொண்டு, 'ஆலோசனை மையத்தின் பரிந்துரை' என்று ஒரே வரி எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை யாரும் காரணம் கேட்கவில்லை.