பிறவிக் குற்றவாளிகள்!

ஊரில் நாலு வீட்டில் கன்னம் வைத்துவிட்டால் போதும். உடனே நமது பழமைப் பிரியர்கள், "ஜனங்களுக்குப் பயமில்லை, பக்தியில்லை, தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். தண்டனையே கூடாதென்பது நமது கட்சியல்ல. களவு கொடுத்தவன் வயிறெரிந்து நிற்கையில் அவனுக்கு வேதாந்தம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பயமுறுத்துவதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த காரியமொன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றது.

1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தார்கள். தச்சன் மகன் தச்சனாவதுபோல் திருடன் மகன் திருடனே என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இந்த நியாயத்தைச் சீமையிலிருந்தா கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள்? நமது வருணாசிரமக் கடைச் சரக்கல்லவா அது! 1911-ல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடினானா, இல்லையா என்ற விசாரணை கிடையாது. பிறந்த ஜாதியே சாட்சி. ரேகை வைக்க வேண்டும். இரவில் போலீசாரிடம் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். பெண்டு பிள்ளைகளோடு தன் வீட்டில் படுத்துறங்கவும் ஒருவனுக்குச் சுதந்திரமில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள்.

இவ்வளவு காவலிலும் களவு ஒழிந்ததா? ஒழிந்திருந்தால் 1947 வரை அச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

அந்த உசிலம்பட்டிச் சீமையோ மழையை நம்பிய மேட்டுக்காடு. 1895-ல் முடிந்த பெரியாற்று அணைத் தண்ணீர் மேலூர் வயல்களில் பாய்ந்தது, இம்மேட்டுக்கு எட்டவில்லை. ஊர்க்காவல் காத்துக் கூலி வாங்கிய பழைய பிழைப்பையும் சர்க்கார் ஒழித்துவிட்டார்கள். பிறகு அவன் எதைத் தின்பது? காரணம் சர்க்காருக்கும் தெரியாமலில்லை. தெரிந்துதானே, ரேகை வாங்கிய அதே கையால் கள்ளர் சீரமைப்பென்று பள்ளிக்கூடங்களும் திறந்தார்கள்! அங்கே படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் உண்டு. ரேகைப் புஸ்தகத்தில் கை பதித்து யோக்கியனானவன் எவன்?

நாடு முழுவதிலும் அச்சட்டம் 1952-ல்தான் தொலைந்தது. அதற்குள், 1948-லேயே, வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டமென்று சென்னையில் வேறு வேஷம் தயாராய்விட்டது. இது ஜாதியைப் பாராது, ஆளைத்தான் பார்க்குமென்றார்கள். அப்படியானால் 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, அப்பழைய ஜாதியாரை வழக்கக் குற்றவாளிகளாக எழுதி வைத்திருந்த சிறை விதிகளை ரத்து செய்ததோடு, அவர்களைக் கண்டபடி பிடித்துப்போகக் கூடாதென்று போலீசாருக்கும் ஏன் சொல்ல வேண்டி வந்தது?