காடு திருத்தியவர் நிலமும் பாதிரியார் எழுதிய மனுவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அத்திப்பட்டைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளருள் சோட்டாநாக்பூர் பீடபூமியிலிருந்து வருவோரும் உளர். அங்கு வாழும் முண்டா, ஓராவோன் பழங்குடியினரிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கம் பரவியதற்கு மறையுரையைவிட வழக்குமன்றமே பெரிதும் துணைநின்றது.

காட்டைத் திருத்திய முதற்குடியின் வழியினர் நிலத்தைப் பொதுவில் ஆளும் முறைக்குக் ‘கூண்ட்கட்டி’ என்று பெயர். அதற்கு எழுத்து ஆவணம் இல்லாமையால், ஜமீன்தார்கள் வாரத்தை உயர்த்தியும் ‘பேகாரி’ எனும் கூலியில்லா ஊழியத்தைச் சுமத்தியும் நிலங்களைக் கைப்பற்றி வந்தனர். 1885இல் தோர்பாவுக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், குத்தகைச் சட்டத்தைப் பயின்று குடியானவரின் வழக்குகளுக்கு வழிகாட்டினார்; சில ஆண்டுகளில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். நிலத்துக்காக மதம் மாறினர் என்னும் ஏளனம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உழுத நிலம் கண்ணெதிரே பறிபோகையில் அதைக் காக்க முன்வந்தவரின் கடவுளை நம்பியதில் இழிவொன்றும் இல்லை.

ஆயினும் பாதிரிமார் நம்பியது காலனி அரசின் நீதியையே. லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்று பின்னர் அதிலிருந்து விலகிய பிர்சா முண்டா அந்நீதியை நம்பாமல் முண்டாக்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அவருடைய ஆட்கள் மிஷன்கள்மீதும் அம்பெய்தனர். சர்வதா மிஷனில் அதற்கு இலக்கானவருள் ஜெர்மானியக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மனும் ஒருவர். பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். தம்மீது அம்பெய்தவர்களின் நிலமுறையை நுணுகி எழுதி, 1908ஆம் ஆண்டுச் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் கூண்ட்கட்டியை ஏற்பதற்குத் துணைபுரிந்தவரும் அதே ஹாஃப்மன்தான். பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போவதை அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு இன்றும் தடுக்கிறது. கிளர்ச்சியின் அச்சம் இல்லாதிருந்தால் குருவின் குறிப்புகளை அரசு புரட்டிப் பார்த்திருக்குமா என்பது ஐயமே.

கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே மாதா கோயில் எழுப்பினர்; எனினும் இப்பகுதியின் பழங்குடியினரான இருளருக்கு அத்தகைய நிலச்சட்டம் எதுவும் வாய்க்கவில்லை. பழங்குடி நிலத்துக்குத் தனிக்காப்பு அளிக்கும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் ஓர் ஊர்கூட இல்லை. புறம்போக்கில் பட்டாவின்றிக் குடியிருக்கும் இருளர் பலர், மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குச் செல்கின்றனர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி மீட்கப்படுவோருக்கும் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கிறதேயன்றி, திரும்பிப்போய் உழ நிலம் இருப்பதில்லை.